கேள்வி–பதில்: திருத்தந்தை பத்தாம் பயஸ்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில், இருபதாம் நூற்றாண்டின் திருத்தந்தையருள் மரபில் மிக உறுதியாக ஊன்றி நின்றவர் பத்தாம் பயஸ் என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தோம். அந்த வரியை ஏற்றும் மறுத்தும், மேலும் விளக்கம் கேட்டும் கடிதங்கள் வந்திருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறோம். மூத்த வாசகர்கள் அவரைப் பத்தாம் பத்திநாதர் என்ற பெயரில் அறிந்திருப்பார்கள்.

திண்டுக்கல் வாசகர்: பத்தாம் பயஸ் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறேன். திருத்தந்தை ஆவதற்கு முன் அவர் என்ன பணி செய்தார்?

அவருடைய இயற்பெயர் ஜுசெப்பே சார்த்தோ. வட இத்தாலியின் வெனெத்தோ பகுதியில் ரியேசே என்னும் சிற்றூரில் 1835 ஜூன் 2 அன்று பிறந்தார். அந்த ஊர் அப்போது ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தந்தை உள்ளூர் நிர்வாகத்தில் கடைநிலை ஊழியர், கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர் வேலை. தாய் தையல் வேலை செய்தவர். பிள்ளைகள் பத்துப் பேர் பிறந்த வீட்டில் குருமடத்துக்குக் கட்டணம் செலுத்த வழியில்லை. அதே ஊரில் பிறந்து வெனிஸின் முதுபெரும் தந்தையாக உயர்ந்திருந்த கர்தினால் மொனிகோ கொடுத்த உதவியால்தான் சிறுவன் பதுவாவில் படிக்க முடிந்தது.

1858இல் குருவானார். தொம்போலோவில் ஒன்பது ஆண்டுகள் உதவிப் பங்குத்தந்தை, சல்சானோவில் எட்டு ஆண்டுகள் பங்குத்தந்தை. சல்சானோவில் 1873இல் காலரா பரவியபோது நோயாளிகளின் படுக்கையருகே நின்றவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. பின்னர் திரெவிசோ மறைமாவட்ட அலுவலகத்திலும் குருமடத்திலும் பணி; 1884இல் மாந்துவா ஆயர்; 1893இல் கர்தினாலாகவும் வெனிஸின் முதுபெரும் தந்தையாகவும் நியமனம்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றையும் கவனிக்க வேண்டும். அவருக்கு முன்பு ஆண்ட பதின்மூன்றாம் லியோவும், பின்பு வந்த பதினைந்தாம் பெனடிக்டும் உயர்குடியில் பிறந்து, திருப்பீடத்தின் அரசியல் தூதுப் பணியில் பயின்றவர்கள். சார்த்தோவோ வத்திக்கான் அலுவலகம் எதிலும் அமர்ந்ததில்லை, வெளிநாட்டுத் தூதராகச் சென்றதில்லை. அவர் நன்கு அறிந்திருந்தது பங்கு வாழ்க்கை ஒன்றையே. பதினோரு ஆண்டுகள் உலகத் திருச்சபையை அவர் ஒரு பங்குத்தந்தையாகவே நடத்தினார் என்பதும், அவர் செய்த நன்மையும் இழைத்த தவறும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் புறப்பட்டன என்பதும் எம் கருத்து.

நாகர்கோவில் வாசகர்: ஆஸ்திரியப் பேரரசர் தலையிட்டதால்தான் இவர் திருத்தந்தை ஆனார் என்று படித்தேன். அரசர் ஒருவருக்குக் கர்தினால்களின் வாக்கெடுப்பைத் தடுக்கும் உரிமை இருந்ததா?

சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை இல்லை, வழக்கத்தில் இருந்தது. ஸ்பெயின், பிரான்ஸ், ஆஸ்திரியா ஆகிய கத்தோலிக்க முடியரசுகள், தமக்கு ஒவ்வாத ஒரு கர்தினாலின் பெயரைத் தேர்தல் அவையில் சொல்லித் தடுக்கும் வழக்கத்தைப் பல நூற்றாண்டுகளாகக் கொண்டிருந்தன.

1903 ஜூலை 20 அன்று பதின்மூன்றாம் லியோ மறைந்தபோது, அவருடைய செயலராயிருந்த கர்தினால் ரம்பொல்லாவே அடுத்தவர் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். முதல் சுற்றில் அவருக்கு 24 வாக்குகள், சார்த்தோவுக்கு 5. ரம்பொல்லா பிரான்சுக்குச் சாய்ந்தவர் என்பதால் வியன்னாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆகஸ்ட் 2 அன்று கிராக்கோவ் நகரின் கர்தினால் புசினா எழுந்து, பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் பெயரால் அந்தத் தடையை அவையில் வாசித்தார். அவை கொதித்தது, ரம்பொல்லா தம் தன்மானத்தை விட்டுக்கொடுக்காமல் கண்டனம் தெரிவித்தார். அன்றைய வாக்கெடுப்பில் அவருக்கான வாக்குகள் குறையவும் இல்லை. ஆனால் அவற்றுக்கு மேல் அவர் ஏற முடியாது என்பது தெளிவானதும் வாக்குகள் வெனிஸ்காரர் பக்கம் நகர்ந்தன. ஆகவே பேரரசரின் தலையீடு மட்டுமே சார்த்தோவைத் திருத்தந்தையாக்கியது என்று சொல்வது மிகை. லியோவின் அரசியல் சாதுரியத்தில் சலித்துப்போய், ஆன்ம மேய்ப்பர் ஒருவரைத் தேடிய கர்தினால்கள் முதலிலிருந்தே இருந்தார்கள்.

சார்த்தோ தம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று அவையில் மன்றாடினார். அவர் மனத்தை அறிந்துவர அனுப்பப்பட்ட அவைச் செயலர் மெர்ரி தெல் வால், பவுலின் சிற்றாலயத்தில் நல்லாலோசனை மாதா படத்தின் முன் மண்டியிட்டுக் கண்ணீருடன் செபித்துக்கொண்டிருந்த அவரைக் கண்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் 4 அன்று, வாக்களித்த 62 பேரில் 50 பேர் சார்த்தோவின் பெயரை எழுதினார்கள். அந்த மெர்ரி தெல் வாலையே, நாற்பது வயது நிறைவதற்குள், தம் செயலராக ஆக்கிக்கொண்டார் புதிய திருத்தந்தை.

அடுத்த ஆண்டு ஜனவரி 20 அன்று அவர் வெளியிட்ட ஆணை, எந்த அரசின் பெயராலும் இப்படிப்பட்ட தடையை அவைக்குள் கொண்டுவரும் கர்தினால் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார் என்றது. தடையால் பயனடைந்தவரே தடையை ஒழித்தார் என்பது வரலாற்றின் குறும்பு. வெனிஸிலிருந்து புறப்படும்போது அவர் இருவழிப் பயணச்சீட்டு வாங்கியிருந்தார் என்பதும், உயிருடனோ பிணமாகவோ திரும்புவேன் என்று வழியனுப்ப வந்த மக்களிடம் சொன்னார் என்பதும் பலரும் அறிந்த செய்தி. தாமும் வெனிஸின் முதுபெரும் தந்தையாயிருந்த இருபத்துமூன்றாம் யோவான், 1959இல் அவர் உடலை ஒரு மாத காலம் வெனிஸுக்கு அனுப்பி அந்த வாக்கை நிறைவேற்றினார்.

தூத்துக்குடி வாசகி: என் மகள் எட்டு வயதில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கினாள். முன்பெல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை காத்திருந்தார்கள் என்று பங்கில் ஒரு பெரியவர் சொன்னார். அது உண்மையா? மாற்றியவர் யார்?

பெரியவர் சொன்னது சரியே, மாற்றியவரும் இவரே. 1910 ஆகஸ்ட் 8 அன்று வெளியான ஆணை, பகுத்தறியும் வயது, அதாவது ஏறத்தாழ ஏழு வயது வந்ததும் குழந்தைக்குப் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் கொடுக்க வேண்டும் என்றது. மறைக்கல்வி முழுவதையும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டியதில்லை. அடிப்படை மறையுண்மைகளைத் தன் வயதுக்கேற்ப அறிந்து, நற்கருணை அப்பத்தையும் வீட்டில் உண்ணும் அப்பத்தையும் பிரித்தறிந்தால் போதும். குழந்தை தயாராகிவிட்டதா என்று முடிவு செய்வது தந்தைக்கும் ஆன்ம குருவுக்கும் உரியது.

அதற்கு முன், ஐரோப்பாவின் பல மறைமாவட்டங்களில் பத்து முதல் பதினான்கு வயதுவரை குழந்தைகள் நிறுத்திவைக்கப்பட்டார்கள். ஜான்சேனியம் என்ற கடுநெறிப் போக்கு விட்டுச்சென்ற பழக்கம் அது: நற்கருணை நல்லவர்களுக்குக் கிடைக்கும் பரிசு, அதற்குத் தகுதி பெற நெடுநாள் தவம் வேண்டும் என்ற எண்ணம். பெரியவர்களே ஆண்டுக்குச் சில முறைதான் நன்மை வாங்கினார்கள். பத்தாம் பயஸ் இதைத் தலைகீழாக்கினார். நற்கருணை பலவீனர்களுக்கான மருந்து என்றும், சாவான பாவமின்றி நேரிய நோக்கத்தோடு வரும் எவரையும் அன்றாடம் வாங்குவதிலிருந்து தடுக்கக் கூடாது என்றும் 1905 டிசம்பர் 20 ஆணை கூறியது.

பிரெஞ்சு ஆயர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அங்கே பன்னிரண்டு வயதில் நடக்கும் புதுநன்மை குடும்பத்துக்குப் பெருவிழா. அதோடு பிள்ளைகள் மறைக்கல்வியிலிருந்து விடைபெறுவதும் வழக்கம். ஏழு வயதிலேயே கொடுத்துவிட்டால் பிள்ளைகள் அதன்பின் வகுப்புக்கு வரமாட்டார்கள் என்று அஞ்சினார்கள். அச்சம் முற்றிலும் வீணன்று. ஆனால் திருத்தந்தை 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்ததைச் சுட்டிக்காட்டி, புதுமை புகுத்தியவர்கள் நீங்கள், நான் பழையதை மீட்கிறேன் என்ற நிலையை எடுத்தார். மரபாளர் என்ற சொல்லை அவருக்குச் சூட்டும்போது இந்த வகை மரபையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எதிர்பாராத ஒரு விளைவும் நேர்ந்தது: நற்கருணைக்கு முன் உறுதிபூசுதல் என்றிருந்த பண்டைய வரிசை பல நாடுகளில் புரண்டது. நம் பங்குகளில் புதுநன்மை முதலிலும் உறுதிபூசுதல் சில ஆண்டுகள் கழித்தும் வருவதற்குக் காரணம் இதுவே.

மதுரை வாசகர்: அறிஞர்களை வேட்டையாடி, உளவு பார்க்க ஆள் வைத்த ஒருவரைப் புனிதர் என்று எப்படிக் கொண்டாடுகிறீர்கள்?

கடுமையான கேள்வி; கேட்க வேண்டிய கேள்வியும்கூட.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விவிலியத்தை வரலாற்று ஆய்வு முறையில் படிக்கும் போக்கு கத்தோலிக்க அறிஞரிடையே பரவியது. பிரான்சில் அருள்தந்தை லுவாசி, இங்கிலாந்தில் இயேசு சபைக் குரு டிரெல் போன்றோர், மறைக்கோட்பாடுகளும் காலத்தோடு வளர்ந்து வடிவம் பெற்றவையே என்ற திசையில் எழுதினார்கள். இவர்கள் ஒரே கட்சியினர் அல்லர். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்ததும் உண்டு. 1907 ஜூலையில் வெளியான ஆணை 65 கருத்துகளைக் கண்டனம் செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று வந்த சுற்றுமடல், இவை அனைத்தையும் நவீனவாதம் என்ற ஒரே அமைப்பாகத் தொகுத்து, எல்லாத் தப்பறைகளின் திரட்டு என்று பெயரிட்டது. திருச்சபைக்கு ஆபத்து இருந்ததா என்றால், இருந்தது: உயிர்ப்பு நடந்த நிகழ்ச்சியா, நம்பினோரின் உள்ளுணர்வா என்ற கேள்விக்கு முன் எந்தத் திருத்தந்தையும் வாய்மூடி இருந்திருக்க முடியாது. அந்த அளவில் அவர் எழுதியதை எம்மால் குறைகூற இயலவில்லை.

குறை, அவர் கையாண்ட முறையில் இருக்கிறது. ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட்டது. 1910 செப்டம்பர் 1 முதல் பங்குத்தந்தையர், மறையுரையாளர்கள், குருமடப் பேராசிரியர்கள் அனைவரும் நவீனவாத எதிர்ப்பு உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. அதைவிட மோசமானது, செயலகத்தில் பணியாற்றிய பெனிஞ்ஞி என்ற குரு 1909இல் அமைத்த இரகசியச் சங்கம். அது ஆயர்களையும் பேராசிரியர்களையும் பத்திரிகையாளர்களையும் வேவு பார்த்து உரோமைக்கு எழுதியது. ஒருவர் சந்தேகத்துக்குரியவர் என்று எழுதுவதற்கு ஆதாரம் தேவைப்படவில்லை, அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பும் அளிக்கப்படவில்லை. எருசலேமில் விவிலியப் பள்ளியை நிறுவிய தோமினிக்கன் துறவி லக்ராஞ்ச், திருச்சபைக்கு இறுதிவரை கீழ்ப்படிந்தவர். அவரும் 1912இல் ஓராண்டு அப்பள்ளியை விட்டு விலக நேர்ந்தது.

டிரெலின் அடக்கத்தை மட்டும் சொல்கிறோம். 1909 ஜூலையில் அவர் இங்கிலாந்தின் ஸ்டோரிங்டன் சிற்றூரில் இறந்தபோது, தம் கருத்துகளை அவர் திரும்பப் பெறவில்லை என்பதால் கத்தோலிக்க அடக்கம் மறுக்கப்பட்டது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். அவர் நண்பரான பிரெஞ்சுக் குரு பிரெமோன் குழியருகே நின்று செபம் சொல்லிச் சிலுவை அடையாளம் வரைந்தார்; அதற்காகவே அவருடைய குருத்துவப் பணி இடைநிறுத்தப்பட்டது.

இரகசியச் சங்கம் அவருக்குத் தெரியாமல் நடந்தது என்ற சமாதானம் நிற்காது. புனிதர் பட்ட விசாரணையிலேயே கர்தினால் கஸ்பாரி, திருத்தந்தை அதை அறிந்தும் ஆசீர்வதித்தும் ஊக்குவித்தார் என்று சாட்சியம் அளித்தார். அந்த எதிர்ப்பை ஆராய 1950இல் தனி நூலே தொகுக்கப்பட்டு, அதன்பின்தான் 1951இல் அருளாளர் பட்டமும் 1954 மே 29 அன்று புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. ஒருவர் எடுத்த ஆட்சி முடிவுகள் எல்லாவற்றுக்கும் அளிக்கும் நற்சான்று அன்று அந்தப் பட்டம். தனிவாழ்வில் அவரைக் குறைசொன்னவர்கள் மிக அரிது. தம் சகோதரிகளுக்குப் பட்டமோ பதவியோ கொடுக்க மறுத்தார். 1908 டிசம்பரில் மெசினாவை நிலநடுக்கம் அழித்தபோது ஆதரவற்றோருக்கு வாரிக் கொடுத்தார். ஏழையாகப் பிறந்து ஏழையாக வாழ்ந்து மிக ஏழையாகச் சாகப்போகிறேன் என்று தம் உயிலில் எழுதினார். பங்கில் ஒரு வீட்டுப் பிள்ளை கெட்ட சகவாசத்தில் விழுந்தால் பங்குத்தந்தை என்ன செய்வாரோ, அதையே அவர் பல்கலைக்கழகங்களிடமும் செய்தார். ஆய்வு என்பது கேள்வி கேட்டும் தவறியும் திருத்தியும் வளர்வது என்ற பழக்கம் அவர் உலகில் இல்லை.

அவருக்குப் பின் வந்த பதினைந்தாம் பெனடிக்ட், 1914 நவம்பரில் எழுதிய முதல் மடலிலேயே, கத்தோலிக்கர் ஒருவரையொருவர் பட்டப்பெயர் சூட்டிச் சந்தேகிப்பதை நிறுத்தச் சொன்னார். இரகசியச் சங்கம் 1921இல் கலைக்கப்பட்டது. விவிலிய ஆய்வுக்குப் பன்னிரண்டாம் பயஸ் 1943இல் கதவைத் திறந்தார். உறுதிமொழி 1967இல் கைவிடப்பட்டது.

திருச்சி வாசகர், பாடகர் குழு உறுப்பினர்: கோயிலில் மேளத்தைத் தடை செய்தவர் இவர்தானா?

ஆம். பதவியேற்ற ஆண்டிலேயே, பாடகர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளாகிய நவம்பர் 22 அன்று, திருவழிபாட்டு இசை குறித்து அவர் வெளியிட்ட ஆணை பியானோவையும் மேளம், தாளம் போன்ற ஓசைக் கருவிகளையும் கோயிலுக்குள் விலக்கியது. இத்தாலியக் கோயில்களில் அப்போது நாடகக் கொட்டகை மெட்டுகள் ஒலித்துக்கொண்டிருந்தன என்பதை நினைவில் கொண்டால் அவர் எரிச்சல் புரியும். கிரகோரியன் இசைக்கு முதலிடம், பதினாறாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பாலஸ்திரீனாவின் பல்குரல் இசைக்கு அடுத்த இடம். பாடகர் குழுவில் பெண்கள் சேரக் கூடாது, மேல்சுருதிக்குச் சிறுவர்களையே பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் இருந்தது. சிஸ்டைன் ஆலயத்தில் விதையகற்றப்பட்ட பாடகர்களின் காலம் முடிவுக்கு வந்ததும் அவர் ஆட்சியில்தான். இவ்வளவு இறுக்கமான அந்த ஆணையில்தான், மக்கள் திருவழிபாட்டில் முனைந்து பங்கேற்க வேண்டும் என்ற சொற்றொடர் இடம்பெற்றது. அறுபது ஆண்டுகள் கழித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதையே பிடித்துக்கொண்டு தாய்மொழி வழிபாட்டுக்கும் உள்ளூர் இசைக்கும் வழி திறந்தது. உங்கள் குழுவின் தபேலாவுக்கு அந்த வகையில் அவரும் தூரத்து உறவினர்.

புதுச்சேரி வாசகர்: பிரான்ஸ் அரசோடு அவர் மோதியதில் லாபம் யாருக்கு?

1905 டிசம்பர் 9 சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்தது. கோயில் சொத்துகளை வழிபாட்டுச் சங்கங்களிடம் ஒப்படைக்க அது முன்வந்தது. அச்சங்கங்களில் ஆயரின் அதிகாரத்துக்கு இடமில்லை என்று கூறி அவற்றை அமைக்கக் கூடாதென 1906 ஆகஸ்டில் திருத்தந்தை தடுத்தார். சொத்து போயிற்று, பழைய பங்குக் கோயில்கள் இன்றும் அங்கே ஊராட்சிகளின் உடைமை. ஆனால் ஆயர்களை நியமிப்பதில் அரசுக்கு இருந்த பங்கும் அதோடு போய்விட்டது. 1906 பிப்ரவரி 25 அன்று புனித பேதுரு பேராலயத்தில் பதினான்கு பிரெஞ்சு ஆயர்களை அவரே திருநிலைப்படுத்தினார். காசை இழந்து சுதந்திரம் வாங்கினார் என்று சொல்லலாம். அந்தக் காசில் பிழைத்த எளிய குருக்களிடம் யாரும் கேட்கவில்லை.

பாளையங்கோட்டை வாசகர்: எங்கள் ஊரில் புனித பத்தாம் பயஸ் சபையினர் இலத்தீனில் பழைய பூசை வைக்கிறார்கள். இவர் தொடங்கிய சபையா அது?

இல்லை. அவர் இறந்து ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1970 நவம்பர் 1 அன்று, பிரெஞ்சுப் பேராயர் மார்செல் லெஃபேவ்ர் சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர் நகரில் தொடங்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மாற்றங்களில் பலவற்றையும் ஆறாம் பவுலின் புதிய திருப்பலி முறையையும் ஏற்க மறுத்தவர் அவர். நவீனவாதத்தைக் கண்டித்த திருத்தந்தையின் பெயரைச் சூட்டியதன் நோக்கம் வெளிப்படை. 1988 ஜூன் 30 அன்று உரோமையின் அனுமதியின்றி நான்கு குருக்களை ஆயர்களாகத் திருநிலைப்படுத்தியதால் அவரும் அந்நால்வரும் திருச்சபை விலக்குக்கு ஆளானார்கள். நால்வர் மீதான விலக்கைப் பதினாறாம் பெனடிக்ட் 2009இல் நீக்கினார். சபையின் குருக்களிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் செல்லும் என்று 2015இல் பிரான்சிஸ் அறிவித்தார்.

சபையினர் தம் பாதுகாவலராகக் கொண்டிருப்பவர், அவர்கள் கையிலிருக்கும், குருக்கள் நாள்தோறும் சொல்லும் பழைய செபநூலையே மாற்றியமைத்தவர் என்பது பலருக்கும் தெரியாது. உரோமைத் திருச்சபையின் காலைப் புகழில் 148, 149, 150ஆம் திருப்பாடல்கள் மிகத் தொன்மையான காலந்தொட்டு நாள்தோறும் சொல்லப்பட்டு வந்தன. குருக்களுக்குச் சுமை அதிகம் என்று கருதி, 1911 நவம்பர் 1 அன்று பத்தாம் பயஸ் திருப்பாடல் வரிசை முழுவதையும் புதிதாக அடுக்கியபோது அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார். திருச்சபைச் சட்டங்களைத் தொகுக்க 1904இல் ஆணையிட்டதும், 1908இல் வத்திக்கான் அலுவலகங்களைச் சீரமைத்ததும் அவரே. பழைமையைக் காப்பதற்காக இத்தனையை மாற்றத் துணிந்த திருத்தந்தை, திரெந்து சங்கத்துக்குப் பின் அவருக்கு முன்பு அரிது. அவர் பெயரால் எதையும் மாற்றக் கூடாது என்று வாதிடுவோர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவரைப் பிற்போக்காளர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோரும்தான்.

கோவை வாசகி: இவருடைய திருநாள் எந்தத் தேதி? இரண்டு தேதிகள் காண்கிறேன்.

அவர் முதல் உலகப் போர் மூண்ட சில வாரங்களில், 1914 ஆகஸ்ட் 20 அன்று இறந்தார். அந்த நாள் ஏற்கெனவே புனித பெர்னார்துவுக்கு உரியது என்பதால், இன்றைய நாள்காட்டியில் ஆகஸ்ட் 21 அவருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. பழைய நாள்காட்டியில் செப்டம்பர் 3. பழைய முறையைப் பின்பற்றுவோர் இன்றும் செப்டம்பர் 3 அன்றே கொண்டாடுகிறார்கள்.